சமைக்காத உணவில் உடல் முரண்டு பிடித்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

சமைக்காத உணவுக்கு மாறிய ஒருவர் எந்த உபாதையைச் சொன்னாலும், சுற்றியிருப்பவர்களிடமிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "கழிவு வெளியேறுது, பொறுத்துக்கோங்க." தலைவலி வந்தாலும் கழிவு, முடி கொட்டினாலும் கழிவு, மாதவிடாய் நின்றுபோனாலும் கழிவு. இந்தப் பதிலை நம்பி மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வதுதான் இந்த உணவுமுறையில் இருக்கும் பெரிய ஆபத்து. கழிவை நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நீங்கள் என்ன சாப்பிட்டாலும் இரவுபகலாகச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. அதற்காக முடி கொட்ட வேண்டியதில்லை, கால் மரத்துப்போக வேண்டியதில்லை.

உணவை மாற்றிய முதல் பத்துப் பதினைந்து நாள் வயிறு தடுமாறுவது இயல்பு. அதைத் தாண்டியும் நீடிக்கும் எதையும் ஒரு பற்றாக்குறையின் அடையாளமாக எடுத்துக்கொண்டு தேடுங்கள். தேடும் வரிசை முக்கியம். முதலில் சாப்பிடும் கலோரி போதுகிறதா என்று பாருங்கள். அடுத்து கொழுப்பு, புரதம். பிறகு உப்பு, தண்ணீர், அயோடின். அதற்கப்புறம்தான் வைட்டமின்களும் இரத்தப் பரிசோதனையும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஐந்தாறு சப்ளிமெண்ட் பாட்டில்களை வாங்கி அடுக்கிவிட்டு, நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரியில் பட்டினி கிடக்கிறார்கள். அந்தச் சோர்வை எந்த மாத்திரையும் தீர்க்காது. வைட்டமின் பி12 ஒன்று மட்டும் இந்த வரிசைக்குள் அடங்காது, அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இவை இருந்தால் இந்த வழிமுறையை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்

மயங்கி விழுதல், நெஞ்சுவலி, படபடப்பு, மலத்தில் இரத்தம் அல்லது தார் போன்ற கறுப்பு நிறம், கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாதல், இரண்டு பாதமும் மரத்துப்போய் நடை தள்ளாடுதல், நிற்காத வாந்தி, மூன்று மாதமாக வராத மாதவிடாய்.

சிலர் எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் மருத்துவரைக் கேட்காமல் இந்த உணவுமுறையைத் தொடங்கவே கூடாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, உணவு திடீரென மாறினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரெனக் கீரையைக் கூட்டினால், அதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பழங்களில் உள்ள பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் ஆகியோருக்கு முழுக்கச் சமைக்காத உணவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வயிறு நிறைய சாப்பிட்டும் ஒரு மணி நேரத்தில் பசி. இரவில் ரொட்டி, சோறு, வறுவல் மீது தாங்க முடியாத ஏக்கம்

அடிக்கடி வரும் புகார் இதுதான். பாதிக்கப்பட்டவர் தன்னை மனவுறுதி இல்லாதவர் என்று திட்டிக்கொள்வதும் இங்கேதான். காரணம் மனத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது.

நூறு கிராம் வெள்ளரிக்காயில் சுமார் 15 கலோரி. தக்காளியில் 18. ஆப்பிளில் 52, வாழைப்பழத்தில் 89. வெள்ளரி, தக்காளி, லெட்யூஸ் கலந்து ஒரு கிலோ சாலட் சாப்பிட்டாலும் 180 கலோரியைத் தாண்டாது. வயிறு புடைத்துவிடும், இரைப்பையின் சுவர் விரிந்து "போதும்" என்று சொல்லிவிடும், ஆனால் உடலுக்குப் போய்ச் சேர்ந்தது இரண்டு வாழைப்பழத்தின் அளவுதான். ஒருவருக்கு நாளைக்கு 2,000 கலோரி வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வாழைப்பழத்தால் மட்டும் அதை எட்ட, தோலுரித்த பழம் இரண்டேகால் கிலோ வேண்டும்.

அடர்த்தியான உணவுகள் வேறு கணக்கு. அதே நூறு கிராமில் அவகேடோ 160 கலோரி, பேரீச்சை ஏறத்தாழ 280, பாதாம் ஏறத்தாழ 580. பாதாமிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முழுப் பருப்பாக மெல்லும்போது செல் சுவர்களுக்குள் சிக்கிய கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறிவிடுகிறது. அட்டவணையில் உள்ள கலோரியைவிடக் கால் பங்கு வரை குறைவாகவே உடலுக்குக் கிடைக்கலாம். பச்சை மாவுச்சத்தும் அப்படித்தான். வேகவைக்காத மாவுத் துகள்களை நம் செரிமான நொதிகள் முழுதாக உடைப்பதில்லை.

1999-ல் ஜெர்மனியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட, நீண்டகாலமாகச் சமைக்காத உணவு உண்பவர்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியானது. சராசரியாக ஆண்கள் 10 கிலோ அளவுக்கும், பெண்கள் 12 கிலோ அளவுக்கும் எடை இழந்திருந்தார்கள். 45 வயதுக்கு உட்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் தடைபட்டோ, முழுதும் நின்றோ போயிருந்தது. பருமனாக இருந்தவருக்கு அந்த எடையிழப்பு நன்மையாக இருக்கலாம். ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவருக்கு அது பட்டினி.

செய்ய வேண்டியது இது. மூன்று நாள், வாயில் போடும் ஒவ்வொன்றையும் எடைபோட்டு எழுதுங்கள். கண்மதிப்பு வேண்டாம், சமையலறைத் தராசு வேண்டும். கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் தேவையைவிட ஐந்நூறு, அறுநூறு கலோரி குறைவாக இருக்கும். அதைச் சாலட்டைக் கூட்டி நிரப்பாதீர்கள். பேரீச்சை, வாழைப்பழம், அவகேடோ, தேங்காய், ஊறவைத்த பருப்புகள், அரைத்த விதைகள் ஆகியவற்றால் நிரப்புங்கள். இரண்டு பெரிய உணவுக்குப் பதில் நான்காகப் பிரியுங்கள். ஒரு வாரத்தில் இரவு ஏக்கம் தணிந்துவிட்டால் கோளாறு கலோரியில்தான் இருந்தது, வேறெங்கும் தேட வேண்டாம்.

கலோரி சரியாக இருந்தும் பசி அடங்கவில்லையா? புரதத்தைப் பாருங்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 0.8 கிராம் என்பது குறைந்தபட்ச அளவு. 60 கிலோ எடைக்கு 48 கிராம். நூறு கிராம் வாழைப்பழத்தில் 1 கிராம்தான் இருக்கிறது, ஆகவே பழத்தை மட்டும் நம்பினால் எட்ட முடியாது. பூசணி விதையில் 30 கிராம், பாதாமில் 21 கிராம். இந்த உணவுமுறையில் குறிப்பாகத் தட்டுப்பாடாகும் அமினோ அமிலம், அதாவது புரதத்தின் கூறு, லைசின். அது அதிகம் இருக்கும் பயறு வகைகளை இவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள். முளைகட்டி, ஒரு கொதி ஆவியில் வேகவைத்த பயறு ஒரு கிண்ணம் தினமும் சேர்ப்பதுதான் இதற்கு நான் சொல்லும் முதல் தீர்வு. "அது சமைத்ததாயிற்றே" என்ற ஆட்சேபம் வரும். வரட்டும், உடம்பில் தசை தங்க வேண்டும்.

குறிப்பிட்ட ஒன்றின் மீது மட்டும் ஏக்கம்

ஏக்கம் எல்லாமே ஏதோ ஒரு சத்தின் குறைபாடு என்று நம்புவது தவறு. சாக்லேட் கேட்டால் மெக்னீசியம் குறைவு என்ற பேச்சை நம்பி மாத்திரை வாங்காதீர்கள். சாக்லேட் பிடித்திருப்பதால்தான் சாக்லேட் கேட்கிறது. மெக்னீசியம்தான் குறை என்றால் பூசணி விதை மீதும் அதே ஏக்கம் வந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு ஏக்கங்களை அலட்சியப்படுத்தக் கூடாது.

ஒன்று உப்பு. பதப்படுத்திய உணவையும் சமைத்த உணவையும் ஒரே நாளில் நிறுத்தும்போது, தினசரி உப்பின் பெரும்பகுதி சத்தமில்லாமல் போய்விடுகிறது. பழமும் காயும் சோடியம் மிகக் குறைந்தவை. ஊறுகாய், சிப்ஸ் மீது ஏக்கம், கூடவே எழுந்து நிற்கும்போது கண் இருட்டல் என்றால், உணவில் கொஞ்சம் அயோடின் சேர்த்த உப்பைத் தூவிப் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர் என்றால் முதலில் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். எடை குறையும்போது அழுத்தமும் இறங்கியிருக்கும், பழைய மருந்து அளவே இப்போது அதிகமாகியிருக்கலாம்.

இன்னொன்று ஐஸ்கட்டி. ஐஸை நறநறவென்று மென்று தின்னும் ஆசை, மண், சாக்பீஸ், பச்சை மாவு இவற்றின் மீது வரும் ஆசை ஆகியவை இரும்புச்சத்துக் குறைபாட்டுடன் நன்கு தொடர்புடையவை. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரத்தப் பரிசோதனை செய்யாமல் இதைக் கடந்து போகாதீர்கள்.

இன்னொரு வகையும் உண்டு, அது சத்து சம்பந்தப்பட்டதல்ல. நாலு நாள் கறாராக இருந்து ஐந்தாம் நாள் அளவில்லாமல் தின்பது, பிறகு குற்றவுணர்வில் உபவாசம் இருப்பது, யார் வீட்டிலும் சாப்பிட முடியாமல் ஒதுங்குவது, "சுத்தமான" உணவைப் பற்றியே நாள் முழுக்க யோசிப்பது. அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மேன் 1997-ல் இதற்கு ஆர்த்தோரெக்சியா என்று பெயரிட்டார். உணவில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று யோசித்து இதைச் சரிசெய்ய முடியாது. கட்டுப்பாடுகளைத் தளர்த்துவதும், மனநல ஆலோசகரிடம் பேசுவதுமே வழி. இந்த அடையாளங்கள் உங்களிடம் தெரிந்தால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

தலைவலி

எப்போது தொடங்கியது என்பதுதான் முதல் கேள்வி. உணவு மாற்றத்தோடு காபி, டீயையும் நிறுத்தியிருந்தால், அந்தத் தலைவலி கஃபீன் விட்டதால் வந்தது. நிறுத்திய 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும், இரண்டாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும், ஒன்பது நாளுக்குள் பெரும்பாலும் போய்விடும். "கழிவு வெளியேறும் தலைவலி" என்று கொண்டாடப்படுவதில் கணிசமான பங்கு இதுவே. படிப்படியாகக் குறைத்திருந்தால் வந்தே இருக்காது. இரண்டாவது வாரத்திலும் தொடர்ந்தால் உப்பு, தண்ணீர், கலோரி என்ற வரிசையில் பாருங்கள்.

வயிறு உப்புசம், வாயு, பேதி, அல்லது அதற்கு நேர்மாறாக மலச்சிக்கல்

பத்துப் பதினைந்து கிராம் நார்ச்சத்து சாப்பிட்டுப் பழகிய குடலுக்குத் திடீரென அறுபது கிராம் கொடுத்தால், பெருங்குடல் நுண்ணுயிரிகள் அதை நொதிக்கவைத்து வாயுவை உண்டாக்கும். பின்வாங்கி, அளவைப் பாதியாக்கி, மூன்று நான்கு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், வெங்காயம் மூன்றையும் ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தால் பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

அப்படியும் நிற்காவிட்டால் பழத்தின் வகையைப் பாருங்கள். ஆப்பிள், பேரிக்காய், மாம்பழம், தர்பூசணி ஆகியவற்றில் குளுக்கோஸைவிட ஃபிரக்டோஸ் அதிகம். சிலருடைய சிறுகுடலால் அதை முழுதாக உறிஞ்ச முடியாது. உறிஞ்சப்படாத சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு பேதியாகும். வாழைப்பழம், ஆரஞ்சுக்கு மாறிப் பாருங்கள். பழச்சாறாகக் குடிப்பதை நிறுத்துங்கள். ஐந்து பழத்தின் சர்க்கரை ஒரே மடக்கில் குடலுக்குள் இறங்குவது யாருக்கும் ஒத்துவராது.

மலச்சிக்கல் என்றால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை, அல்லது கொழுப்பு சுத்தமாக இல்லை, அல்லது மொத்த உணவே போதவில்லை. மலத்தில் சோளத் தோலும் தக்காளித் தோலும் தெரிவது நோயல்ல, இன்னும் நன்றாக மெல்லுங்கள்.

செரிமானத்துக்கு உதவும் என்று என்சைம் மாத்திரை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. காயில் உள்ள நொதிகள் காய்க்காக உள்ளவை. அவை புரதங்கள், இரைப்பையின் அமிலத்திலும் பெப்சினிலும் பெரும்பாலும் சிதைந்து, மற்ற புரதம் போலவே செரிக்கப்பட்டுவிடும். உங்களுக்கு வேண்டிய நொதிகளை உங்கள் எச்சிலும் கணையமும் சிறுகுடலும் சுரக்கின்றன. கணையச் சுரப்பு குறைந்த நோய் போன்ற தெளிவான மருத்துவக் காரணம் இல்லாமல் இந்த மாத்திரை வேண்டியதில்லை.

ஓயாத சோர்வு, மாடி ஏறினால் மூச்சு வாங்குதல், வெளிறிய முகம்

கலோரியைச் சரிசெய்த பிறகும் இது இருந்தால் முழு இரத்த எண்ணிக்கையும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் (மில்லிலிட்டருக்கு நானோகிராம் அளவில்) 15-க்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலி என்று பொருள். பல மருத்துவர்கள் 30-க்குக் கீழேயே சிகிச்சையைத் தொடங்குவார்கள்.

கீரையில் இரும்பு இருக்கிறது, ஆனால் தாவர இரும்பைக் குடல் தயங்கித்தான் எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை, கொய்யா, குடைமிளகாய் போன்ற வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்றை அதே வேளையில் சேர்த்தால் உறிஞ்சல் நன்றாகக் கூடும். டீயும் காபியும் அதைக் கெடுக்கும், சாப்பாட்டோடு வேண்டாம். விதைகளையும் பருப்புகளையும் ஊறவைப்பதும் முளைகட்டுவதும் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கும்.

இரும்பு மாத்திரையைப் பரிசோதனை இல்லாமல் விழுங்காதீர்கள். தேவையில்லாதவர் உடலில் இரும்பு சேர்ந்து கல்லீரலைக் கெடுக்கலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த டப்பாவைப் பூட்டி வையுங்கள். சில மாத்திரைகளே குழந்தைக்கு விஷமாகும்.

கை கால் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, நாக்கு வழவழப்பாகிச் சிவந்து எரிதல், மறதி, தள்ளாட்டம்

இது பி12. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பி12-ஐச் செடியும் உண்டாக்காது, விலங்கும் உண்டாக்காது. பாக்டீரியாக்கள்தான் உண்டாக்குகின்றன. இறைச்சி, முட்டை, பால் இல்லாத சமைக்காத உணவில் நம்பத்தக்க பி12 கிடையாது. மண் ஒட்டிய காயில் கிடைக்கும், கழுவாமல் சாப்பிட்டால் போதும் என்பது பொய். அதில் கிடைப்பது புழு முட்டை. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். அதைவிட மோசம், சாதாரண இரத்தப் பரிசோதனை அந்தப் போலியையும் சேர்த்து எண்ணிவிடலாம். அறிக்கையில் எண் நன்றாக இருக்கும், உள்ளே நரம்பு பட்டினி கிடக்கும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. கீரை நிறைய சாப்பிடுபவர்களுக்கு ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் ஏராளம். பி12 குறைந்தால் வழக்கமாக இரத்த சிவப்பணுக்கள் பெரிதாகி இரத்தசோகை வரும், அதைப் பார்த்து மருத்துவர் விழித்துக்கொள்வார். ஃபோலேட் மிகுந்தால் அந்த இரத்தசோகை வெளியே தெரியாமல் மறைந்துவிடலாம், நரம்புச் சேதம் மட்டும் தொடரும். கல்லீரலின் கையிருப்பு சில வருடங்களுக்குத் தாக்குப்பிடிக்கும் என்பதால், முதல் இரண்டு வருடம் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும். அதை ஆதாரமாக எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு அறிவுரை சொல்பவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

ஜெர்மனியிலேயே சமைக்காத உணவு உண்ணும் 201 பேரை ஆராய்ந்த கட்டுரை 2005-ல் வந்தது. கெட்ட கொழுப்பும் டிரைகிளிசரைடும் குறைவாக இருந்தன, அது நல்ல செய்தி. ஆனால் 38 சதவீதம் பேருக்கு பி12 குறைபாடு இருந்தது.

பி12 விஷயத்தில் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது, உணவு மாறிய நாளிலிருந்தே எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவை 2.4 மைக்ரோகிராம்தான், ஆனால் மாத்திரையில் இருப்பது அதைவிட மிக அதிகமாகத் தெரியும். பயப்படாதீர்கள். குடலின் உறிஞ்சும் அமைப்பு ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராமில் நிரம்பிவிடும். அதற்கு மேல் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குதான் கசிந்து உள்ளே போகும். அதனால்தான் முழுத் தாவர உணவை ஆதரிக்கும் அமைப்பான வீகன் சொசைட்டி, தினமும் எடுத்தால் குறைந்தது 10 மைக்ரோகிராம், வாரம் ஒருமுறை என்றால் 2,000 மைக்ரோகிராம் என்கிறது. சயனோகோபாலமின் வடிவமே போதும், அது எளிதில் கெடாது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும், அமிலம் குறைக்கும் மாத்திரையை நீண்டநாள் எடுப்பவர்களுக்கும் உறிஞ்சல் இன்னும் குறையும்.

ஏற்கெனவே மரத்துப்போதல் இருந்தால் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். மருத்துவரிடம் போய் பி12 உடன், அது குறைந்தால் இரத்தத்தில் கூடும் மெத்தில்மலோனிக் அமிலம், ஹோமோசிஸ்டீன் இவற்றின் பரிசோதனைகளையும் கேளுங்கள். பெரும்பாலும் ஊசியில் தொடங்குவார்கள். நரம்பு மீள மாதங்கள் ஆகும், தாமதித்தால் முழுதும் மீளாமலே போகலாம். முழுத் தாவர உணவு உண்ணும் தாய் பி12 எடுக்காமல் தாய்ப்பால் கொடுத்தால், பாதிப்பு குழந்தையின் மூளை வளர்ச்சியில் தெரியும்.

எப்போதும் குளிர், முடி கொத்தாக உதிர்தல், மாதவிடாய் தடைபடுதல்

மூன்றும் சேர்ந்து வந்தால் உடல் சிக்கன நடவடிக்கையில் இறங்கிவிட்டது என்று பொருள். ஆற்றல் போதாதபோது உடல் தைராய்டு ஹார்மோனின் செயல்படும் வடிவத்தைக் குறைக்கும், இனப்பெருக்கத்தை ஒத்திப்போடும். முடி உதிர்வு, வேகமாக எடை குறைந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அதனால் பலருக்குக் காரணம் பிடிபடுவதில்லை. பயோட்டின் மாத்திரை இதைச் சரிசெய்யாது. சாப்பாடு சரிசெய்யும்.

மாதவிடாய் நின்றதை "உடல் சுத்தமாகிவிட்டது, அதனால் தேவையில்லை" என்று சொல்பவர்களை நம்பவே நம்பாதீர்கள். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு கரையும். 2005-ல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வில், நீண்டகாலம் சமைக்காத தாவர உணவு உண்ட ஆண், பெண் இருபாலரிடமும் எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது.

குளிரும் சோர்வும் மட்டும் இருந்து, எடை குறையவில்லை, கழுத்தில் வீக்கம் தெரிகிறது என்றால் அயோடினைச் சந்தேகியுங்கள். பெரியவர்களுக்கு நாளைக்கு 150 மைக்ரோகிராம் தேவை. உப்பையே விட்டவர்களுக்கும், இந்துப்புக்கு மாறியவர்களுக்கும் இது போதாமல் போகும். இந்துப்பில் குறிப்பிடத்தக்க அயோடின் இல்லை. பச்சை முட்டைக்கோஸ் வகைகளை மலையாகச் சாப்பிட்டால் அவற்றிலுள்ள பொருட்கள் தைராய்டு அயோடினை எடுப்பதைத் தடுக்கும், ஏற்கெனவே அயோடின் குறைந்தவர்களுக்கு இது கூடுதல் இடி. அதற்காகக் கடற்பாசிப் பொடியில் இறங்காதீர்கள். கெல்ப் வகையில் ஒரு கிராமிலேயே வரம்பு மீறிய அயோடின் இருக்கலாம், அதுவும் தைராய்டைக் கெடுக்கும். அயோடின் சேர்த்த உப்பு, அல்லது 150 மைக்ரோகிராம் மாத்திரை, இரண்டில் ஒன்று போதும்.

பல் கூச்சம்

நாள் முழுக்க எலுமிச்சை, ஆரஞ்சு, அன்னாசி, உலர்பழம் என்று கொறித்துக்கொண்டிருந்தால் பல் எனாமல் அமிலத்தில் கரையும். கரைந்த எனாமல் திரும்ப வளராது. பழத்தை வேளையாகச் சாப்பிடுங்கள், சாப்பிட்டதும் தண்ணீரால் கொப்பளியுங்கள், அரை மணி நேரத்துக்குமேல் கழித்துப் பல் துலக்குங்கள். எலுமிச்சைத் தண்ணீரை மணிக்கணக்கில் உறிஞ்சும் பழக்கத்தை விடுங்கள்.

உள்ளங்கை மஞ்சள், சிறுநீர் சிவப்பு

கேரட், பப்பாளி, பரங்கிக்காய் அதிகமானால் பீட்டா கரோட்டின் தோலில் படிந்து உள்ளங்கையும் பாதமும் மஞ்சளாகும். கண் வெள்ளையாகவே இருந்தால் ஆபத்தில்லை, அளவைக் குறைத்தால் மெல்லப் போய்விடும். பீட்ரூட்டால் சிறுநீர் சிவப்பதும் தீங்கற்றது. பீட்ரூட் சாப்பிடாத நாளில் சிவந்தால் அது வேறு விஷயம், பரிசோதிக்க வேண்டும்.

பக்கவாட்டு முதுகில் விட்டுவிட்டு வரும் கடும் வலி

தினமும் பச்சைப் பாலக் கீரையை ஸ்மூத்தியாக அடித்துக் குடிப்பவர் என்றால் சிறுநீரகக் கல்லை நினைக்க வேண்டும். பாலக்கில், கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் மிக அதிகம். கொதிநீரில் போட்டு வடித்தால் கணிசமாகக் குறையும், அரைத்துக் குடித்தால் அப்படியே உள்ளே போகும். முன்பே கல் வந்தவர்கள் இந்த ஸ்மூத்தியைத் தொடவே வேண்டாம். மற்றவர்கள் கீரையை மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள், லெட்யூஸும் முட்டைக்கோஸும் ஆக்சலேட் குறைந்தவை.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, பேதி

ராஜ்மா என்கிற சிவப்பு பீன்ஸை ஊறவைத்தோ முளைகட்டியோ பச்சையாகச் சாப்பிட்டிருந்தால் காரணம் அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம். நாலைந்து கொட்டையே போதும். ஊறவைப்பதால் அது போகாது, நன்றாகக் கொதிக்கவைத்தால்தான் போகும். மரவள்ளிக்கிழங்கில் சயனைடு உண்டாக்கும் பொருட்கள் உள்ளன. பச்சைச் சேப்பங்கிழங்கு தொண்டையைக் குத்திக் கிழிக்கும். பச்சை நிறம் பாய்ந்த உருளைக்கிழங்கு, கசப்பு பாதாம் இவையும் கூடாது. எவ்வளவு தீவிரமான கொள்கை இருந்தாலும் இந்தப் பட்டியலில் விதிவிலக்கு கிடையாது.

முளைகட்டிய தானியங்களுக்கு வேறு ஆபத்து. வெதுவெதுப்பும் ஈரமும் முளைக்கு எவ்வளவு பிடிக்குமோ, பாக்டீரியாவுக்கும் அவ்வளவு பிடிக்கும். கிருமி விதையின் வெடிப்புக்குள் இருந்தால் கழுவினாலும் போகாது. 2011-ல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் பரவிய ஈ.கோலை தொற்றில் 3,800-க்கும் அதிகமானோர் நோயுற்றார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதியவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்கள் முளைகளை ஆவியில் வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

கடைசியில் எந்த மாத்திரை வேண்டும்

முழுத் தாவர உணவென்றால் பி12 கட்டாயம். வெயில் படாத வேலை என்றால் வைட்டமின் டி, நாளைக்கு 600 யூனிட் அளவில். தாவர மூலம் வேண்டுமென்றால் லைக்கன் என்ற, பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் உயிரிலிருந்து எடுத்த டி3 (வைட்டமின் டியின் ஒரு வடிவம்) கிடைக்கிறது. உப்பு சேர்க்காதவருக்கு அயோடின். ஒமேகா-3க்கு தினமும் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதை, அரைத்துத்தான் சாப்பிட வேண்டும், முழு விதை வந்த வழியே வெளியே போய்விடும். அதை, மூளைக்கு வேண்டிய ஒமேகா-3 வடிவமான டிஹெச்ஏ-ஆக மாற்றும் திறன் உடலுக்குக் குறைவு என்பதால் பாசி எண்ணெய் மாத்திரை நல்ல சேர்க்கை. செலீனியத்துக்குப் பிரேசில் நட் நாளைக்கு ஒன்று போதும். கைப்பிடி கைப்பிடியாகத் தின்றால் செலீனியம் நஞ்சாகும், முடியும் நகமும் உதிரத் தொடங்கும்.

கால்சியம் இழுபறியான விஷயம். எள்ளில் நிறைய இருப்பதாகப் பட்டியல் சொல்லும், ஆனால் அதன் தோலிலுள்ள ஆக்சலேட்டும் ஃபைட்டேட்டும் பெரும்பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிராக்கோலியும் முட்டைக்கோஸ் வகைகளும் அளவில் குறைவாகத் தந்தாலும் அதை உடல் நன்றாக எடுத்துக்கொள்ளும். நாளைக்கு 1,000 மில்லிகிராமை இவற்றால் மட்டும் எட்டுவது சிரமம். கால்சியம் சேர்த்த தாவரப் பானம் ஒன்றை ஏற்றுக்கொள்வது எளிய வழி. துத்தநாகம் குறைந்தால் சுவை மங்கும், புண் ஆறத் தாமதமாகும். அதற்குப் பூசணி விதையிலிருந்து தொடங்குங்கள்.

உணவு மாறுவதற்கு முன் ஒருமுறை, மாறி மூன்று மாதம் கழித்து ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை பரிசோதியுங்கள்: முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12 உடன் ஹோமோசிஸ்டீன், வைட்டமின் டி, தைராய்டைக் காட்டும் டி.எஸ்.ஹெச். தொடக்க எண் கையில் இருந்தால்தான் இறங்குகிறதா என்று தெரியும். எடையை வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே தராசில் குறித்து வையுங்கள். உடல் நிறை குறியீடு 18.5-க்குக் கீழே போனால், அல்லது மேலே சொன்ன திருத்தங்களை ஆறு வாரம் முறையாகச் செய்தும் எண்களோ அறிகுறியோ நகரவில்லை என்றால், நாளில் ஒரு வேளையைச் சமைத்த பயறு, தானியம், கிழங்கு என்று மாற்றுங்கள். மற்ற வேளைகளில் பழமும் காயும் பச்சையாகவே தொடரட்டும். மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனைகளைத் திரும்ப எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.